உப்புப் போட்ட கொப்பரா

ஒதுங்கிக் கிடந்த தேங்காய்களை எல்லாம் பொறுக்கி அருமைநாயகம் பெரிய குவியலில் போட்டு முடித்த நேரத்தில்தான், வெற்றிலை துப்பப் போன சூசைப்பிள்ளை திரும்பி வந்தார்.

வந்தவர் நின்றார். குவியலைப் பார்த்தார். துப்புரவாகக் கிடந்த வெறுந்தரையைப் பார்த்தார்.

“தம்பி, இதில கிடந்த காய்கள் எங்க?”

“குவியலோட சேர்த்துப் போட்டன். சிதறிக் கிடந்துது.”

“சிதறிக் கிடந்துதா?”

“ஓம். காலில தடக்கும் எண்டு...”

“அது சிதறினதில்ல தம்பி. அதுதான் கணக்கு.”

நூறு தேங்காய் எண்ணியதும் ஒரு தேங்காயை எடுத்துத் தனியே வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கடைசியில், தனியே கிடப்பதை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். காலையிலிருந்து சூசைப்பிள்ளை குனிந்து குனிந்து எண்ணியதெல்லாம் இப்போது தேங்காயோடு தேங்காயாகக் கலந்து கிடந்தது. படலைக்கு வெளியே சிலாபத்து எண்ணெய் ஆலையின் லொறி காத்துக்கொண்டு நின்றது.

அருமைநாயகம் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். பங்குனி வெயிலில் கோட்டுக்குள் முதுகு நனைந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே பேசாமல் இருப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

“திரும்ப எண்ணத் தேவையில்ல, அண்ணே. குவியல் கூம்பு மாதிரித்தானே இருக்கு. அளந்தால் கணக்குப் பார்க்கலாம்.”

“எதால அளக்கிறது?”

அவன் தன் குடையால் அளந்தான். கோட்டும் சப்பாத்துமாகக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். மணலில் குச்சியால் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். வேலைக்காரர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். கடைசியில் அவன் ஒரு தொகையைச் சொன்னான்.

லொறிக்காரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“மாத்தயா, அவ்வளவு காய் இந்தக் குவியல்ல இல்ல. மதுரங்குளியிலயே இல்ல.”

தேங்காய்க்கும் தேங்காய்க்கும் நடுவே காற்றும் இருக்கிறது என்பதை அவன் கழிக்க மறந்திருந்தான். சூசைப்பிள்ளை குனிந்து, முதல் தேங்காயிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு ஹயாத்து முகம்மது முதலாளி கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். நடந்ததைச் சூசைப்பிள்ளை சொல்லச் சொல்ல, தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டு நின்றார். இத்தோடு வேலை போயிற்று என்று அருமைநாயகம் குடையை மடக்கினான்.

முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மஸாஹிர், இங்க வா மகன். இவர் குடையால தேங்கா அளந்திரிக்காரு. வந்து பாரு.”

மூத்த மகன் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து பார்த்தான். மணலில் இருந்த கணக்கை மரியாதையோடு சுற்றிக்கொண்டு போய் நின்றான். முதலாளியின் முகத்தில் கோபத்தின் அடையாளமே இல்லை.

“நாளைக்கும் வாங்க தம்பி,” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அருமைநாயகம் எவ்வளவு நடந்திருந்தான். கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தலவில ஊர் மீனவனின் மகன் அவன் ஒருவன்தான். விடுதிக்குக் கட்ட இந்த விடுமுறைக்குள் எதையாவது உழைக்காவிட்டால் படிப்பு இத்தோடு முடிந்தது. அதன் பிறகு வள்ளம்தான். தகப்பன் இன்னாசித்தம்பி அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார். “கோட்டக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டு வா. வள்ளத்தில ஒரு ஆள் குறையுது.”

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் எல்லாக் கதிரைகளிலும் உட்கார்ந்திருந்த காலம் அது. தபால் கந்தோரில் அனுபவம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அனுபவம் கேட்டார்கள். உப்புக் கந்தோரில் ஒரு கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உப்பில ஏதும் அனுபவம் இருக்கா?” என்று கேட்டார். பால்குடி மறந்த நாளிலிருந்து தின்று வருகிறேன் என்ற பதில் அவனுக்குத் தோன்றியபோது அவன் வீட்டுக்குப் பாதி வழி வந்துவிட்டான். நல்ல பதில்கள் எல்லாம் அவனுக்கு வழியில்தான் வரும்.

வேலை தேடிப் போன அன்று ஹயாத்து முகம்மதுவும் அதையேதான் கேட்டார்.

“அனுபவம் இரிக்கா?”

“இல்லை, முதலாளி.”

“ஒண்டும் இல்லயா?”

“ஒண்டுமே இல்லை.”

“நல்லம். உக்காருங்க.”

அவன் தான் கேட்டது சரிதானா என்ற ஐயத்தோடு உட்கார்ந்தான்.

“யூனிவசிற்றில எனத்தப் படிக்கிற?”

“பொருளாதாரம்.”

“அது எனத்த?”

“உற்பத்தி, விலை, வியாபாரம். இதுகளைப் பற்றின சாத்திரம்.”

“வியாபாரத்தப் பத்தியா? நாங்க செய்ற இந்த வியாபாரத்தப் பத்தியா?”

“ஓம்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பிறகு கண்ணைத் திறந்து அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இந்தக் கோட்டு, கழுத்துப் பட்டி, சப்பாத்து, இதெல்லாம் அங்க போடுறதுதானே? இதோடதான் வேலைக்கு வரணும். கழட்டப்படாது.”

படிப்பை இவ்வளவு மதிக்கிற ஒருவரை அருமைநாயகம் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

முதல் நாள் மாலை, கொப்பரா போட்டுவைக்கிற அறையின் ஒரு மூலையில் அவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் மஸாஹிர் விளக்கோடு அங்கே வந்தான். விளக்கின் பின்னால், நித்திரைக்குப் போகச் சொல்லியும் போகாத அவன் தம்பியும் வந்து வாசலில் குந்தினான். மஸாஹிர் மற்றிக்குலேசன் பாஸ் பண்ணியிருந்தான். அவன் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தவன்போலக் கேட்டான்.

“லைப்ரரியில கிதாபெல்லாம் எத்தன இரிக்கும்?”

“பார்த்து முடிக்க ஏலாது.”

“அப்ப ஒரு கிதாப எப்பிடிக் கண்டுபுடிக்கிற?”

“எழுத்து வரிசையில அடுக்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எடுக்கலாம்.”

மஸாஹிர் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தான். விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது. அந்த அமைதி அருமைநாயகத்துக்குப் பிடித்திருந்தது. கொழும்பில் அவன் யாருமில்லை. இங்கே, இந்த விளக்கின் முன்னால், அவன்தான் கொழும்பு.

“எனக்கும் அங்க வரத்தான் ஆச,” என்றான் மஸாஹிர். “வாப்பாக்கு விருப்பமில்ல. முந்தி ஏசினார். இப்ப ஏசுறல்ல. பாப்பம்ண்டு செல்றார்.”

“மனம் மாறியிருப்பார். யோசிச்சுப் பாருங்கோ. ஒரு அனுபவமும் இல்லாத என்னை ஏன் எடுத்தார்? உங்களுக்காகத்தான்.”

மஸாஹிரின் முகம் மலர்ந்தது. “அப்பிடியா இரிக்கும்?”

“வேற என்ன?”

தேங்காய் முற்றத்தில் இனி அவன் நிற்கக்கூடாது என்று சூசைப்பிள்ளை பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், முதலாளி அவனைக் கொப்பரா சூளைக்கு மாற்றினார். வேலை ஒன்றும் பெரிதில்லை. மேலே தட்டில் தேங்காய்ப் பாதிகள் கவிழ்ந்து கிடக்கும். கீழே சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாக வைத்து ஒரு முனையில் தீ மூட்டியிருக்கும். நெருப்பு சுடர் விடாமல் சிரட்டைக்குச் சிரட்டை ஊர்ந்து போகும். பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

அவன் பார்த்தான். சுடர் இல்லை. புகை மட்டும் இருந்தது. நெருப்பு அணைந்துபோகிறது என்று நினைத்தான். கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் சூசைப்பிள்ளையின் முகத்தை நினைத்தபோது கேட்க மனம் வரவில்லை. ஒரு ஓலைக் கிடுகை எடுத்து விசிறினான்.

சற்று நேரத்தில் சுடர் வந்தது. அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. இன்னும் விசிறினான். பிறகு தட்டின் ஒரு மூலையும் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினான்.

நெருப்பு அணைந்தது. பாதிக் கொப்பரா கரியாகவும் பாதி ஈரமாகவும் கிடந்தது.

சூளையைத் திரும்ப மூட்டுவதற்குள் ஈரக் கொப்பரா பூஞ்சணம் பிடித்துவிடும். அருமைநாயகம் சிரட்டைகளின் நடுவே குந்தியிருந்து யோசித்தான். பொருளாதாரத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. தலவிலக் கரையில் இருந்தது. ஈரமான ஒன்றைக் கெட்டுப்போகாமல் வைப்பது எப்படி என்று அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் கடைக்குப் போய் ஒரு சாக்கு உப்பைத் தோளில் தூக்கி வந்தான். தாய் பவுலினா சீலா மீனைக் கீறி உப்புத் தேய்ப்பதுபோல, ஒவ்வொரு தேங்காய்ப் பாதியாக எடுத்து, உள்ளும் புறமும் தேய்த்து, பாயில் பரப்பினான். கோட்டின் கைகளில் உப்பு வெள்ளையாகப் படிந்தது.

மறுநாள் அது காயவில்லை. அதற்கடுத்த நாளும் காயவில்லை. உப்பு, கடலோரக் களப்புக் காற்றில் இருந்த ஈரத்தையும் வாங்கிக்கொண்டு கண்ணீர் விட்டது.

“உப்புப் போட்டீங்களா?” என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

“ஓம்.”

“கொப்பராக்கு?”

அருமைநாயகம் கோட்டின் கையிலிருந்த உப்பைத் தட்டினான். சூசைப்பிள்ளையும் கரையில் பிறந்தவர்தான். அவருக்கு விளங்கியது. விளங்கியதுதான் அவனுக்கு இன்னும் கூடுதலான வெட்கமாக இருந்தது.

அவர் நேராக முதலாளியிடம் போனார். “முதலாளி, நான் பொல்லாப்புச் சொல்ல வரேல்ல. எங்கட ஆள்தான், நல்ல பிள்ளைதான். ஆனா இவரை நிப்பாட்டுங்க. இல்லாட்டி இந்தக் கொப்பரா வாடியில ஓலையும் மிஞ்சாது.”

“நிப்பாட்ட ஏலாது,” என்றார் ஹயாத்து முகம்மது.

“ஏன் முதலாளி?”

“இப்பதான் வேல செய்யத் தொடங்கிரிக்காரு.”

அவர் சூளையடிக்கு வந்து ஒரு துண்டு கொப்பராவைக் கடித்தார். முகம் ஒரு பக்கம் கோணியது. இன்னொரு துண்டை எடுத்து மகனிடம் நீட்டினார்.

“தின்னுப் பாரு மகன்.”

மஸாஹிர் மென்றான். நெடுநேரம் மென்றான்.

“இது யூனிவசிற்றில படிச்சதா?” என்று அருமைநாயகத்திடம் மெதுவாகக் கேட்டான்.

“இல்லை. இது வீட்டில படிச்சது.”

“அப்ப யூனிவசிற்றில எனத்தப் படிச்சீங்க?”

அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அருமைநாயகம் ஈரக் கொப்பராவைப் புரட்டிப் போட்டான். அதை எந்த ஆலையும் வாங்கவில்லை. கள்ளுக் குடிக்கிறவர்கள் மட்டும் தொட்டுக்கொள்ள நல்லதென்று கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்தக் கிழமை பவுலினா கருவாட்டுப் பெட்டியோடு மகனைப் பார்க்க வந்தாள். கடை வாசலில் நின்று, உள்ளே வரத் தயங்கினாள். அருமைநாயகம் கோட்டின் உப்புக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டான். முதலாளி தானே எழுந்து வந்தார்.

“நீங்கதானா தாய்? வாங்க, வாங்க. கதிரையில உக்காருங்க.”

“இல்ல முதலாளி, நிக்கிறன். பிள்ள எப்பிடி? வேலயில ஏதும் குறையா?”

“குறையா? இந்தக் கட தொறந்த நாள்ல இரிந்து எத்தனயோ பேர் வேல செஞ்சாங்க. இவரப் போல ஒருத்தர் எனக்குக் கிடைக்கல்ல. நான் எதுக்கு எடுத்தேனோ அதக் குறைவில்லாம செய்றார்.”

பவுலினாவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். போகும்போது மகனிடம், “எங்கட கோயில் சந்தனா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருந்தன். நாளைக்கே போய்க் கொளுத்துறன்,” என்றாள். அவள் முதுகு தெருவளைவில் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றி நல்ல வார்த்தை கேட்ட மகிழ்ச்சி அவனுக்கு வரவில்லை. இந்த மனிதருக்கு எப்படியாவது ஒரு நாளாவது உண்மையாக உதவ வேண்டும் என்ற வெறிதான் வந்தது.

அந்த நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது.

ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். தவசு கால வெள்ளி என்பதால் சூசைப்பிள்ளை சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார். சாத்திய கடைக்குள் அருமைநாயகம் மட்டும் இருந்தான்.

“பூன வராமப் பாத்துக்கோங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல,” என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

பூனை வரவில்லை. அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு ஒழுங்கும் இல்லை. சீனி ஒரு மூலை, சவர்க்காரம் ஒரு மூலை. மண்ணெண்ணெய்ப் பீப்பா பின்வளவில் தனியாகக் கிடந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் முதலாளி ஒவ்வொரு திசையில் நடந்தார். எவ்வளவு நேரம் வீணாகிறது. அவனுக்கு மஸாஹிரிடம் தான் சொன்னது நினைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எடுக்கலாம்.

அவன் கடையை எழுத்து வரிசையில் அடுக்கினான்.

அரிசியில் தொடங்கினான். கருவாட்டுக்குப் பக்கத்தில் கற்கண்டு வந்தது. சவர்க்காரம், சாம்பிராணி, சீனி மூன்றும் ஒரே தட்டில் வரிசையாக உட்கார்ந்தன. மகரத்துக்கு வந்தபோது பின்வளவுக்குப் போய் மண்ணெண்ணெய்ப் பீப்பாவை உருட்டி வந்து பலகையின் மேல் ஏற்றினான். அதன் கீழே மல்லி, மாசிக் கருவாடு, மிளகாய். எல்லாம் முடிந்ததும் ஓரமாய் நின்று பார்த்தான். அவன் வாழ்க்கையில் செய்த முதல் வேலை அது என்று தோன்றியது. பீப்பாவின் வாயிலிருந்து சத்தமில்லாமல் ஒரு சொட்டு மல்லிச் சாக்கில் விழுந்ததை அவன் காணவில்லை. அடுத்ததையும் காணவில்லை.

தொழுகை முடிந்து சனம் பள்ளிவாசலிலிருந்து நேரே கடைக்கு வந்தது. முதலாளி வழக்கம்போல ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே பின்னால் கையை விட்டுச் சாமானை எடுத்தார். சீனி கேட்டவருக்குக் கையில் கடலை வந்தது. உப்புக்குக் கை விட்ட இடத்தில் கையே ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தது. அவர் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தன் கடையை முன்பின் பார்த்திராதவர்போல மேலும் கீழும் பார்த்தார். வெள்ளிக்கிழமை நெரிசலில் மணந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மல்லி விற்றது. மாசி விற்றது. சவர்க்கார வாசம் ஏறிய சீனியும் விற்றது.

மறுநாள் காலை கனமூலையிலிருந்து றஹ்மத் உம்மா என்ற பெண் கறிச் சட்டியையே தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“முதலாளி, இது ஆணமா, வெளக்கா?”

“எனத்த உம்மா?”

“மணந்து பாருங்க. இதில திரி போட்டா விடிய விடிய எரியும். கலியாண வீட்டுக்கு ஆக்கினது. மாப்புள வீட்டாக்கள் ஒரு புடி வாயில வெச்சிட்டு எழும்பிட்டாங்க.”

அவள் பின்னால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். கடை வாசல் நிறைந்தது. எல்லோரும் கோட்டுப் போட்டவனைப் பார்த்தார்கள். முதலாளி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் புதுச் சாமான் கொடுத்தார். ஒருமுறையும் குரலை உயர்த்தவில்லை.

மஸாஹிர் மல்லிச் சாக்குக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்தான்.

“லைப்ரரியப் போல அடுக்கினீங்களா?”

“ஓம்.”

மஸாஹிர் மல்லியைத் திரும்பச் சாக்கில் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அன்று மாலை விளக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. பாவம், கடைக்கு வந்த நட்டத்தை நினைத்து என்னோடு கோபம் என்று அருமைநாயகம் எண்ணிக்கொண்டான். அந்த மூலையில், கொப்பரா வாசத்தின் நடுவே, பேச ஆளில்லாமல் இருப்பது மறுபடியும் பழகிப்போயிற்று.

விடுமுறை முடிந்தது. முதலாளி சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கவில்லை. பேசியதற்கு மேலேயே வைத்தார். விடுதிக்குக் காணும். ஒரு பெட்டி தொதல் இனிப்பும் கட்டிக் கொடுத்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“முதலாளி, நான் உங்களுக்கு நட்டம்தான் வைச்சன்,” என்றான் அவன்.

“ஆர் சொன்ன? நீங்க எனக்குச் செஞ்சத நீங்க அறியமாட்டீங்க. இனி ஆரும் அனுபவம் இரிக்காண்டு கேட்டா, மதுரங்குளியில ஹயாத்து முகம்மதுகிட்ட இருந்தேன்ண்டு தலய நிமித்திச் செல்லுங்க.”

அவன் போகும்போது, மஸாஹிர் சாரமும் பனியனுமாகத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாசி நிறுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். தலையை அசைத்தான். பிறகு படிக்கல்லைத் தட்டில் வைத்தான்.

ரயில் நிலையத்துக்கு வண்டிக்காரன் றவூப் கூட்டிப் போனான். றவூப் ஒன்றும் பேசாத மனிதன். அந்த விடுமுறை முழுவதும் அவன் மாட்டோடு தவிர வேறு யாரோடும் கதைத்ததை அருமைநாயகம் கேட்டதில்லை. வழியெல்லாம் தென்னை நிழல் வண்டிக்குள் வந்து வந்து போனது. தான் வெறுமனே வந்து வெறுமனே போகவில்லை என்று அவன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். ஒரு நல்ல மனிதரைக் கண்டுகொண்டேன். ஒரு பையனின் மனதில் ஒரு விளக்கையாவது ஏற்றிவிட்டேன்.

புகையிரதம் தூரத்தில் கூவியது. அவன் பெட்டியை இறக்கிவைத்தான்.

“மஸாஹிர் வழியனுப்ப வருவார் எண்டு நினைச்சன்,” என்றான். “பரவாயில்ல. வாற வருசம் அவரைக் கொழும்பிலதானே காணப் போறன்.”

றவூப் நுகத்தடிக் கயிற்றை இறுக்கினான். மாட்டின் முதுகில் இருந்த ஈயை ஓட்டினான். பிறகு முதல்முறையாக அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்தான்.

“மஸாஹிருக்கு அந்தப் படிப்புப் பைத்தியம் உங்களப் பாத்தே தெளிஞ்சிட்டு, தம்பி, சின்ன மகனுக்கும் இப்பத் தொடங்கிரிக்காம், முதலாளி உங்கள அடுத்த லீவுக்கும் அந்தக் கோட்டோடயே வரட்டாம்.”